தனுஷ்கோடி: கடல் கொண்ட புகைவண்டி நிலையம்



சென்னை எழும்பூரில் வண்டியேறி, நம் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்து, ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை செல்ல இயன்ற காலம் ஒன்று இருந்தது. அந்தப் 'போட் மெயில்' பயணத்தில் இந்திய மண்ணின் கடைசி நிலையம் தனுஷ்கோடி. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மறுமாதமே தனுஷ்கோடித் துறையினின்று தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது.

வணிகர் சென்றனர், யாத்திரிகர் சென்றனர். தேயிலைத் தோட்டங்களில் பிழைப்புத் தேடிய ஏழைத் தமிழர் எண்ணற்றோரும், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடிந்தபின், இவ்வழியே கடல் கடந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் முடிவு செய்தது. அது கையொப்பமான நாள் 1964 அக்டோபர் 30. இரு மாதம் நிறைவதற்குள், அவர்தம் முன்னோர் சென்ற துறை அழிந்தொழிந்தது.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றே நாள் இருந்தது. டிசம்பர் 22 நள்ளிரவில் பெரும்புயல் எழுப்பிய பேரலை ஊரை மூடியது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டி நிலையத்தை நெருங்கும் வேளையில் கடலுக்கு இரையாயிற்று. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. ஊர் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது. பாம்பன் பாலம் செப்பனிடப்பட்டது. இராமேஸ்வரத்துக்கு வண்டிகள் மீண்டும் ஓடின. தனுஷ்கோடிக்கோ வண்டி திரும்பவேயில்லை. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி, 1984-இல் அதுவும் நின்றது. தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் பலர் அக்கப்பலிலேயே வந்திறங்கினர்.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் காண்போர் பெருகியுள்ளனர். மணலில் நிலையத்தின் சிதைந்த சுவர்களும், பவளக் கற்களால் கட்டிய நம் ஆலயத்தின் கூரையற்ற சுவர்களும் நிற்கின்றன. அவற்றைக் கண்டு, "சாபம் பிடித்த ஊர்" என்பாரும் உளர். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெண்மரும் பிறரினும் பெரும் பாவிகள் அல்லர் என்று நம் ஆண்டவரே தெளிவுபடுத்தவில்லையா? அலையில் மாண்டோர் வீடு திரும்பிய எளியோர். வலை காயவைத்த மீனவர். கடமையில் நின்ற இரயில்வே ஊழியர்.

ஆதலின், குடும்பத்தோடு அங்குச் செல்வோர் படம் எடுப்பதோடு திரும்பிவிட வேண்டாம். அவர்களுள் பலருக்குக் கல்லறை இல்லை. மெழுகுதிரி ஏற்றுவாரும் இல்லை. அக்கூரையற்ற ஆலயத்தில் பிள்ளைகளை அருகில் நிறுத்தி, அவ்வான்மாக்களின் இளைப்பாற்றிக்காக ஒரு பரலோக மந்திரம், ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.