கொடுத்த கை எது, வாங்கிய கை எது?



எங்கள் பரங்கிப்பேட்டை போன்ற கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்குச் சபர் என்பது புதிதன்று. பாட்டனார் காலத்தில் பினாங்கு, தகப்பனார் காலத்தில் சிங்கப்பூர், எங்கள் காலத்தில் வளைகுடா நாடுகள். வீட்டுக்கு ஒருவரேனும் வெளியூரில் இருப்பார். ஆனால் இந்திய இராணுவத்துக்குப் போனவர் யார் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலருள் நானும் ஒருவன்.

1989ஆம் ஆண்டு இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தேன். லக்னோவில் பயிற்சி. ‘நர்சிங் அசிஸ்டெண்ட்’ என்பது என் பணியின் பெயர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, டாக்டருக்குக் கைகொடுப்பது, தேவைப்பட்டால் ஸ்ட்ரெச்சர் சுமப்பது ஆகியவை என் வேலைகள். 24 ஆண்டுகள் பணியாற்றி 2013இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன்.

சென்ற மாதம் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். அவள் கணவரும் இப்போது சபரில் இருக்கிறார். தொட்டிலை ஆட்டிக்கொண்டே, “வாப்பா, நான் பிறந்தபோது நீங்கள் இல்லை. முதன்முதலாக நான் குர்ஆன் ஓதி முடித்த அன்றும் இல்லை. அப்படி அங்கே என்னதான் செய்தீர்கள்?” என்றாள். கோபத்தில் கேட்கவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆயினும் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததை உங்களையும் அருகில் அமர்த்திக்கொண்டு சொல்கிறேன்.

கடல் வந்த நாள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த அன்று நான் காஷ்மீரில் பாரமுல்லாப் பகுதியில் இருந்தேன். முகாமின் தொலைக்காட்சியில் நாகப்பட்டினம், கடலூர் என்ற பெயர்களைக் கேட்டவுடன் என் கால்கள் தளர்ந்தன. தொலைபேசி இணைப்புக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் உம்மாவின் குரலைக் கேட்டேன்.

“நாங்கள் நலம், மகனே. ஊருக்குள் பெரிய சேதமில்லை. அன்னங்கோவில், சின்னூர், புதுப்பேட்டை மீனவ மக்கள்தாம் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டார்கள். நம் ஜமாஅத்தார் கல்யாண மண்டபங்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அண்டா அண்டாவாகச் சோறு ஆக்குகிறோம். உன் பெண்சாதி அங்கேதான் நிற்கிறாள்” என்றார்கள்.

மதம் என்ன, சாதி என்ன என்று கேளாமல் எங்கள் ஊர் ஜமாஅத் அந்த நாட்களில் ஆற்றிய பணி நாடறிந்தது. கரையில் ஒதுங்கிய உடல்களை எங்கள் இளைஞர்கள் தூக்கினார்கள். வெற்றிலைப் பெட்டியை விட்டு அகலாத மூதாட்டிகள் வெங்காயம் உரித்தார்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவதையே தொழிலாகக் கொண்ட நான் மட்டும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தேன். ‘நீ ஏன் இங்கே இல்லை?’ என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததுதான் வலித்தது.

ஜனவரியில் விடுப்புக் கிடைத்து ஊர் வந்தபோது அவசர வேலைகள் முடிந்துவிட்டிருந்தன. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மீனவப் பெண் அமர்ந்திருந்தார். கடல் அவருடைய பிள்ளை ஒன்றைக் கொண்டுபோயிருந்தது. மண்டபத்தில் உம்மாவின் கையால் சாப்பிட்டவர், அதன்பின் நாள்தோறும் உம்மாவைப் பார்க்க வருவாராம். பேச்சு அதிகமில்லை. சற்று நேரம் இருந்துவிட்டுப் போவார்.

அன்றிரவு என் மனைவி, “மச்சான், பதினைந்து வருடம் முடிந்துவிட்டது. பென்ஷன் வரும். போதும், வந்துவிடுங்கள்” என்றாள். வருட இறுதியில் விடுவிப்புக்கு எழுதிக் கொடுப்பதாக வாக்களித்துவிட்டுத் திரும்பினேன். தன் ஊருக்கே உதவாத கை எங்கிருந்தென்ன என்ற எண்ணம் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

பூமி அசைந்த நாள்

2005 அக்டோபர் 8, சனிக்கிழமை காலை சுமார் 9.20 மணி. ரமலான் பிறை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஸஹர் முடித்து, சுபுஹு தொழுது, நோன்புடன் மருந்துப் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தரை அசைந்தது. கண்ணாடிக் குப்பிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை இன்றும் என் செவியில் இருக்கிறது.

7.6 அளவிலான அந்தப் பூகம்பத்தின் மையம் முஸஃப்பராபாத் அருகே இருந்தது. எல்லைக் கோட்டுக்கு அப்பால் 73,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இப்பால் ஊரி, தங்தார் பகுதிகளில் ஏறத்தாழ 1,300 பேர். மலைக்குளிருக்காகக் கல்லும் மண்ணும் கொண்டு சுவர் எழுப்பி, மேலே கனத்த மண்கூரை பரப்பி வாழ்ந்த மக்கள் அவர்கள். எந்தக் கூரை குளிரிலிருந்து காத்ததோ அதுவே அவர்கள்மீது விழுந்தது. பதுங்கு குழிகளில் இருந்த எங்கள் வீரர்களும் பலர் மாண்டார்கள்.

நிவாரணப் பணிக்கு இராணுவம் இட்ட பெயர் ‘இம்தாத்’. உதவி என்பது அதன் பொருள். மண் சரிந்து சாலைகள் அடைபட்டிருந்தமையால் மருந்துப் பெட்டிகளைத் தோளில் சுமந்து நடந்தோம்.

நண்பகலுக்குள் என் கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. ஒரு சிறுவனின் நெற்றியில் தையல் போடவேண்டும். ஊசி நேராக நிற்கவில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான் என்பதை மதரஸாவில் ஓதியவன்தான் நான். ஆயினும் பருவமடைந்த நாள் முதல் ஒரு நோன்பையும் விட்டதில்லை என்ற பெருமை எனக்குள் இருந்தது. அந்தச் சிறுவனின் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர்க் குடுவையைத் திறந்து குடித்தேன். கண்ணில் நீர் வந்தது. கை நின்றது. தையல் போட்டேன்.

பல நாட்களுக்குப்பின் எங்கள் படைப்பிரிவின் மௌலவியிடம் இதைச் சொன்னேன். “அன்று அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது நடுங்காத கை. களாச் செய்துவிடுங்கள். பெருமையை மட்டும் களாச் செய்ய வேண்டாம், அது போகட்டும்” என்று புன்னகைத்தார்.

முதியவரின் கேள்வி

அன்று பிற்பகல் ஒரு மேட்டுக் கிராமத்தில் முதியவர் ஒருவரைக் கண்டேன். வலக்கை விரல்கள் நசுங்கியிருந்தன. வெறுங்கையாலேயே கற்களைப் புரட்டியிருக்கிறார். கூரைக்கு அடியில் அவர் மனைவி. வெளியே எடுத்தபோது உயிரில்லை.

கையைக் கழுவிக் கட்டினேன். வலிக்கான மாத்திரையை நீட்டினேன். வாங்க மறுத்தார். “நோன்பு” என்றார். எனக்குத் தெரிந்த உருதுவில், நோயாளிக்குச் சலுகை உண்டு என்றேன். அப்போதுதான் என் சட்டையிலிருந்த பெயரைப் படித்தார்.

“நீ முஸ்லிமா?”

“ஆம். மதராஸ் பக்கம்.”

“அப்படியானால் இந்த உடுப்பில் ஏன் இருக்கிறாய்?”

வாசகர்களே, அந்த மண்ணில் சீருடைக்கும் மக்களுக்கும் இடையே பல்லாண்டுக் கசப்பு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. வாதம் செய்யும் இடமன்று அது. “இன்று நானும் நோன்பை முறித்துவிட்டேன், பெரியவரே. கை நடுங்கியது” என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடக்கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டார்.

மாலையில் நானும் எங்கள் பிரிவைச் சேர்ந்த இருவரும் அவருடைய மனைவிக்குக் கபுரு தோண்டினோம். ஒருவர் கர்வாலி இந்து, மற்றவர் சீக்கியர். அக்கம்பக்கத்தார் சிலரோடு நான் ஜனாஸாத் தொழுகையில் நின்றேன். தோழர்கள் இருவரும் சற்றுத் தள்ளி, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தலைகுனிந்து நின்றார்கள்.

நான்காம் நாள் கட்டு மாற்றப் போனேன். அன்று நான் நோன்பாளி. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. முதியவர் தம் ஃபிரன் அங்கிக்குள் இருந்து நான்கு வால்நட் கொட்டைகளை எடுத்துக் கல்லில் தட்டி உடைத்தார். அவர் வீட்டில் எஞ்சியிருந்த விளைச்சல் அது. பாங்கு சொல்லப்பட்டது. பருப்பை என் உள்ளங்கையில் வைத்து, “பேட்டா, முதலில் நீ” என்றார்.

கொடுக்கும் கை வாங்கும் கையைவிட மேலானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறிவோம். நிவாரணம் கொடுக்கப் போனவன் நான். வீடிழந்து மனைவியை இழந்தவர் அவர். அன்று எவருடைய கை மேலே இருந்தது? நீங்களே சொல்லுங்கள்.

ஐம்பத்தோரு ரூபாய்

ரமலான் கடைசிப் பத்தில் எனக்கொரு மணியார்டர் வந்தது. 2,551 ரூபாய். செய்திப் பகுதியில் என் மனைவியின் நுணுக்கி நுணுக்கி எழுதிய கையெழுத்து: “மாமி கொடுத்தது 1,000. என் சேமிப்பு 1,500. திண்ணைக்கு வரும் அக்கா கொடுத்தது 51. ‘உங்கள் மகன் இருக்கும் இடத்தில் பூமி பிளந்ததாமே, அந்தப் பிள்ளைகளுக்கு’ என்று மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்கள். குளிர் வருவதற்குள் ஏதேனும் வாங்கிக் கொடுங்கள்.”

பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய், தலைச்சுமையாக மீன் விற்ற காசில், தாம் பார்த்தேயிராத மலைநாட்டுப் பிள்ளைகளுக்காகக் கொடுத்த 51 ரூபாய் அது. அந்தத் தாளை மடித்து என் சிறிய யாஸீன் கிதாபுக்குள் வைத்துக்கொண்டேன்.

பாரமுல்லாக் கடைத்தெருவில் அந்தப் பணம் முழுவதற்கும் குழந்தைகளுக்கான கம்பளிக் காலுறைகளும் குல்லாய்களும் வாங்கினேன். என்ன காரியம் என்று அறிந்த கடைக்காரர் எண்ணிக் கட்டியபின் மேலும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். பெருநாளன்று தகரக் கொட்டகைகளுக்கிடையே அவற்றை விநியோகித்தோம். யார் கொடுத்தது என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருப்பதே சிறந்த தர்மம் அன்றோ? இன்று இதை எழுதுவது என் பெருமைக்காக அன்று. அந்தப் பணத்தில் என் காசு ஒன்றும் இல்லை.

அதே நாட்களில் இரு நாட்டு அரசுகளும் எல்லைக் கோட்டில் ஐந்து இடங்களைத் திறக்க இசைந்தன. நவம்பர் 7ஆம் தேதி பூஞ்ச் அருகே முதல் வழி திறந்தது. முட்கம்பிக்கு அருகே நிவாரணப் பொருட்கள் கைமாறின. பல்லாண்டுகள் துப்பாக்கி மட்டுமே பேசிய இடத்தில் போர்வையும் மருந்தும் போயின.

மனைவியின் முடிவு

விடுவிப்பு விண்ணப்பம் என் பெட்டியில் இருந்தது. மனைவிக்கு எழுதினேன்: ‘சொன்ன வாக்கை மீறமாட்டேன். முடிவை நீயே எழுது.’

இருபது நாட்களில் இன்லண்ட் கடிதம் வந்தது. “நம் ஊருக்கு ஆபத்து வந்தபோது, தம் வீட்டை விட்டுவிட்டு எங்கிருந்தோ டாக்டர்களும் வீரர்களும் வந்தார்கள். அவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தாமே? அந்தக் கடனை நீங்கள் அங்கே அடைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். பனி கரையும் வரையேனும் இருங்கள்” என்று எழுதியிருந்தாள்.

பனி கரைந்தது. அதன்பின் அவளும் கேட்கவில்லை, நானும் எழுதிக் கொடுக்கவில்லை.

இதற்கு விலை இல்லாமலில்லை. 2011இல் உம்மா வஃபாத்தானபோது நான் வடக்கே இருந்தேன். இரயிலிலும் பேருந்திலுமாக ஊர் வந்து சேர்ந்தபோது கபுரின் மண் காய்ந்துவிட்டிருந்தது. உம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. திண்ணையில் அந்த மீனவச் சகோதரி அமர்ந்திருந்தார். “கடைசி நாலு நாளும் பக்கத்திலேதான் இருந்தேன் தம்பி. வாயில் தண்ணீர் விட்டேன்” என்றார். நான் செய்யவேண்டிய பணிவிடையை அவர் செய்திருந்தார். எங்கோ ஒரு மலையில் யாரோ ஒரு முதியவருக்கு நான் செய்ததை, அல்லாஹ் என் உம்மாவுக்கு இவர் கையால் திருப்பித் தந்தானோ என்று எண்ணினேன். அந்த எண்ணம் துக்கத்தைப் போக்கவில்லை. ஆனால் தாங்கிக்கொள்ள வலிமை தந்தது.

மகளே, நீ கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். நீ பிறந்த நாளை நான் இழந்தேன். அதை எதைக் கொண்டும் ஈடு செய்ய முடியாது. முடியும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் நான் அங்கே தனியாக இருந்ததில்லை. உன் தாயின் சேமிப்பும், உன் பாட்டியின் துஆவும், ஒரு மீனவத் தாயின் 51 ரூபாயும் என்னோடு அந்த மலையேறின.

அன்பு வாசகர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு மகனோ கணவரோ சபரில் இருக்கலாம். அடுத்த முறை பேசும்போது பணம் வந்ததா, பொருள் வந்ததா என்பதோடு நிறுத்தாமல், ‘இன்று அங்கே யாருக்கு உதவினாய்?’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘உன் பெயரால் இங்கே இன்னாருக்குக் கொடுத்தோம்’ என்றும் சொல்லுங்கள். பிரிவின் பாரம் சற்றே குறையக் காண்பீர்கள்.

கடலிலும் மலையிலும் மாண்ட அனைவரின் குடும்பங்களுக்கும் அல்லாஹ் ஆறுதல் அளிப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.