மாரா நதிக்கரையில் நினைவுக்கு வந்த கட்டுரை நோட்டு



"ஆப்பிரிக்கா போய் வந்தீங்களே, சிங்கம் பாத்தீங்களா சார்?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். போட்டோக்களை மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் எழுதாமல் இருந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று எழுதிவிடுகிறேன்.

மகன் நைரோபியில் வேலை பார்க்கிறான். 2023 ஆகஸ்டில் எங்கள் இருவரையும் வரச் சொன்னான். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு கிளம்பினோம். தா.பழூரைத் தாண்டினால் கும்பகோணம், திருச்சி என்று இருந்த என் வீட்டுக்காரம்மா, விமானத்தில் கையைப் பிடித்தவர் நைரோபியில்தான் விட்டார்.

நைரோபியிலிருந்து அரை நாள் கார்ப் பயணம், மாசாய் மாரா. 1,510 சதுர கிலோமீட்டர் காடு என்றார்கள். நான் பார்த்தது பெரும்பாலும் புல்வெளி. தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டியோடு அது சேர்ந்திருக்கிறது. நடுவே வேலி கிடையாது. மேல்கூரையைத் தூக்கிவிட்ட ஜீப்பில் நின்றபடி பார்க்கலாம். கீழே மட்டும் இறங்கக் கூடாது.

முதலில் சிங்கம். ஒரு புதர் நிழலில் ஏழு படுத்திருந்தன. எங்கள் ஜீப் இருபதடி தூரத்தில் நின்றது. ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது, கொட்டாவி விட்டது, மறுபடியும் படுத்துக்கொண்டது. முப்பது வருடம் "காட்டு ராஜா" என்று கர்ஜித்துக் காட்டிப் பாடம் நடத்தியவன் நான். ராஜா மதியத் தூக்கத்தில் இருந்தார். அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் சிங்கத்துக்கு 'சிம்பா' என்று பெயர். நம் 'சிம்ம'த்துக்குச் சொந்தக்காரன் போல இருக்கிறதே என்று பேரனிடம் சொன்னேன்.

அடுத்து யானைக் கூட்டம். ஓட்டுநர் தம்பி என்ஜினை அணைத்துவிட்டார். பெரிய தாய் யானை பாதையின் நடுவில் வந்து எங்களைப் பார்த்தபடி நின்றது. அதன் பின்னால் குட்டிகள் எல்லாம் கடந்து முடித்த பிறகுதான் நகர்ந்தது. பள்ளி விட்டதும் பிள்ளைகளை ரோடு தாண்டவிட்டு நிற்கும் டீச்சர் ஞாபகம் வந்தது எனக்கு.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது.

மாட்டுத் தலையும் குதிரை வாலும் கொண்ட வில்டபீஸ்ட் என்ற மான் வகை, ஒவ்வொரு வருடமும் பெருங்கூட்டமாக மழையையும் புல்லையும் தேடி செரெங்கெட்டியிலிருந்து இங்கே வருகிறது. வழியில் மாரா நதியைக் கடக்க வேண்டும். அங்கே முதலைகள் காத்திருக்கும். நாங்கள் இரண்டு மணி நேரம் கரையில் நின்றோம். மான்கள் வந்தன, தண்ணீரைப் பார்த்தன, திரும்பிப் போய்விட்டன. மணல் திட்டில் ஒரு முதலை, அடிமரம் மாதிரி அசையாமல் கிடந்தது.

காத்திருந்த நேரத்தில் ஓட்டுநர் முதலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் தமிழில் சொன்னான்: "அப்பா, இது மணல்ல குழி தோண்டி முட்டை போடுமாம். குஞ்சு உள்ளேயிருந்து கத்தினதும் தாய் தோண்டி எடுத்து, வாயில வச்சே தண்ணிக்குக் கொண்டுபோய் விடுமாம். ஒரு பல்லுகூடப் படாதாம்."

எனக்குச் சொரேல் என்றது.

1996 ஜூன். கொள்ளிடக் கரையோர ஊர் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்தேன். பள்ளி திறந்த வாரம், "கோடை விடுமுறையில் நான் கண்டது" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லோரும் திருவிழா, மாமா வீடு என்று எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும், ஆற்று மடுவில் முதலை தன் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டதைப் பார்த்ததாக எழுதியிருந்தான்.

வகுப்பில் எழுப்பி நிறுத்தினேன். "வாயில கவ்வினா திங்கத்தாண்டா செய்யும். கதை விடுறியா?" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இல்ல சார், நெசமா பாத்தேன். திங்கல சார்" என்றான்.

பூஜ்யம் போட்டேன். இரண்டு அடியும் கொடுத்தேன். அதன் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் கட்டுரை நோட்டில் என்ன தலைப்புக்கும் நாலு வரிக்கு மேல் எழுதவில்லை. அதை அப்போதே கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

மாமல்லபுரம் போகும் வழியில் 1976-லிருந்தே முதலைப் பண்ணை இருக்கிறது. எத்தனை முறை பள்ளிச் சுற்றுலாவில் அந்த வாசலைத் தாண்டிப் போயிருப்பேன்! உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதைவிட, அவனோடு அந்த மடுவுக்கு நடந்தே போயிருக்கலாம்.

ஊர் திரும்பியதும் பேரனின் போட்டோக்களை எடுத்துக்கொண்டு அணைக்கரைக்குப் போனேன். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அது. அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "ஆமாங்க, குட்டிய வாயிலதான் தூக்கிட்டுப் போவும். இதென்ன அதிசயம்?" என்று வலையை உதறிக்கொண்டே சொன்னார். நம் ஆற்றில் இருப்பது நன்னீர் முதலை, ஆப்பிரிக்காவில் இருப்பது நைல் முதலை. இனம் வேறு. தாய்மை ஒன்றுதான்.

அந்த மாணவனின் பெயரை இங்கே எழுதவில்லை. அவனோடு அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். அன்று சிரித்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவனுடைய போன் நம்பர் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.

தம்பி, நீயே இதைப் படிக்க நேர்ந்தால்: நீ பார்த்தது உண்மை. நான்தான் பார்க்காமலே திருத்தினேன். மன்னித்துவிடு. தா.பழூர் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. அந்த மடு எங்கே இருந்தது என்று காட்டு, இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.