சோறு போடுகிற கை

இடுப்பு மூட்டுக் கோளாறுள்ள நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் நீட்டுவது எக்ஸ்ரே படத்தைத்தான். நான் அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு நாயின் விலாவைத் தடவுவேன். "டாக்டர், பிரச்சினை பின்னங்கால்ல..." என்று மெல்ல நினைவூட்டுவார்கள். தெரியும். ஆனால் அந்தக் கால் இனி எத்தனை வருடம் தாங்கும் என்பதைப் படத்தைவிட விலா எனக்கு அதிகம் சொல்கிறது. கால்நடை மருத்துவனாக ஹிப் டிஸ்ப்ளேசியா என்ற இந்தக் கோளாறோடு பழகியதில் நான் கற்ற முக்கியமான பாடம் இது: இந்த நோய்க்கான வைத்தியத்தில் பெரும்பங்கு, வீட்டில் சோறு போடுகிறவர் கையில் இருக்கிறது.

தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சிக்கென்று உட்கார்ந்து சுழல வேண்டும். இந்த நோய் வரப்போகிற குட்டியும் பிறக்கும்போது ஒழுங்கான இடுப்போடுதான் பிறக்கிறது. வளரும் மாதங்களில் மூட்டைப் பிடித்திருக்கும் நாரும் உறையும் தளர்ந்துவிடுகின்றன. கிண்ணம் ஆழமாக வேண்டிய பருவத்தில் தலை அதன் விளிம்பில் மோதி மோதி அதைத் தட்டையாக்கிவிடுகிறது. குழியில் சரியாக உட்காராத குழவி மாவை விட்டுவிட்டுக் கல்லை அரைக்கிற மாதிரிதான். இங்கே அரைபடுவது குருத்தெலும்பு. பின்னால் வருவது மூட்டுவாதம். 1935இல் அமெரிக்காவில் ஷ்னெல் என்ற கால்நடை மருத்துவர் நாய்களிடம் இதை விவரித்தார். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், கோல்டன் ரெட்ரீவர் போன்ற கனத்த இனங்களில் இது அதிகம். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாய்களிடம் நான் இதை அரிதாகவே பார்க்கிறேன்.

நாயைத் தொடுவதற்கு முன்னால் அது நடந்து வருவதைப் பார்த்துவிட வேண்டும். படி ஏறும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல்போலத் தாவுகிறதா? உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்கிறதா? எழுவதற்கு முன் யோசிக்கிறதா? பாரத்தை முன்னங்கால்களுக்குத் தள்ளிய நாயின் தோள் பருத்திருக்கும், தொடை வற்றியிருக்கும். பிறகுதான் கை. மயக்க மருந்து கொடுத்து, தொடையை அழுத்தி விரித்தால், நழுவிய தலை கிண்ணத்துக்குள் திரும்ப விழும் 'டக்' உள்ளங்கையில் தெரியும். பச்சிளங்குழந்தைகளுக்காக ஒர்ட்டோலானி என்ற இத்தாலியக் குழந்தை மருத்துவர் சொன்ன சோதனை அது; நாங்கள் நாய்க்கு இரவல் வாங்கிக்கொண்டோம்.

படத்தைக் கடைசியில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. படம் பயமுறுத்துகிற நாய் பந்து விரட்டி ஓடும். படம் சுமாராக இருக்கும் நாய் எழ மறுக்கும். இடுப்பு கெட்டது என்று படம் சொல்லிவிட்டதாலேயே நொண்டலுக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. முழங்காலில் சிலுவை நார் அறுந்திருக்கலாம். உண்ணிக் காய்ச்சலும் மூட்டுகளை வீங்கவைக்கும். நம் ஊரில் ரத்தப் பரிசோதனை செய்யாமல் நொண்டலுக்குப் பெயர் வைக்கக் கூடாது. வயதான ஜெர்மன் ஷெப்பர்ட் வலியே இல்லாமல் பின்னங்கால் நகங்களைத் தரையில் உரசி நடந்தால், தண்டுவடத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது விலாவுக்கு வருகிறேன். ஒரு கையை நீட்டி, மறு கை விரல்களால் அதன் புறங்கையைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கைச் சதைபோல மெத்தென்று இருந்தால் எடை அதிகம். மடக்கிய முட்டியின் கணுக்கள்போல முண்டினால் ரொம்ப மெலிவு. நான் பார்க்கும் லாப்ரடார்களில் பெரும்பாலானவை உள்ளங்கைக் கட்சி. "இவன் சாப்பிடுறதே இல்ல டாக்டர்" என்று அம்மா சொல்லும்போதே, பின்னால் நிற்கிற தாத்தாவின் முகம் வேறு எதையோ சொல்லும். காலை டீயோடு தாத்தா தரும் பிஸ்கட், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மிச்சம் வைத்த இட்லி, ராத்திரி தயிர்சாதம் எதுவும் கணக்கில் வராது.

இது வெறும் அறிவுரை இல்லை, சோதித்துப் பார்த்த விஷயம். பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்த ஜோடிகளாகப் பிரித்து ஆயுள் முழுக்கக் கவனித்தது. ஜோடியில் ஒன்றுக்கு, மற்றது தின்றதில் கால்பங்கு குறைத்துப் போட்டார்கள். 2002இல் வந்த முடிவு: நிறையத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்துத் தின்றவற்றுக்கு 13. இடுப்பு மூட்டுவாதமும் இவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஏற்கெனவே நொண்டுகிற குண்டு நாய்க்கும் இதில் நம்பிக்கை உண்டு. எடையில் 6 சதவீதம் குறைந்தாலே நடையில் மாற்றம் தெரியும். 35 கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோ சொச்சம்தான்.

அதனால் மருந்துச் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே ஒரு பெயரையும் எழுதுகிறேன்: இனி இந்த நாயின் தீனியை அளக்கிற ஒரே ஆளின் பெயர். அன்றைய தீனி முழுவதையும் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். தாத்தா கொடுக்கலாம், பிள்ளை கொடுக்கலாம். ஆனால் அந்த டப்பாவிலிருந்து மட்டும். காலியானால் வெள்ளரிக்காய், வேகவைத்த பீன்ஸ். மாதம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, தன் எடையைக் கழித்துக் காலண்டரில் குறிக்க வேண்டும். "பாவமா பாக்குது சார்" என்பார்கள். பார்க்கும்தான். லாப்ரடார் பிறந்ததே அதற்குத்தான்.

குட்டி வளர்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நல்ல தீனி தின்னும் பெரிய இனக் குட்டிக்கு "எலும்பு பலமாகட்டும்" என்று கால்சியம் சிரப் ஊற்றாதீர்கள். அந்த வயதில் அதன் குடலுக்கு வேண்டாததைத் தள்ளிவிடத் தெரியாது. மிஞ்சும் கால்சியம் எலும்பின் வளர்ச்சியைத்தான் குலைக்கும்.

தட்டுக்கு அடுத்தது தரை. நம் வீடுகளின் பளபளக்கும் டைல்ஸும் கிரானைட்டும் இந்த நாய்களுக்குப் பகை. ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் தொடை அகல விரிந்து, தளர்ந்த மூட்டு மேலும் இழுபடுகிறது. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை ரப்பர் மேட் போட்டுவிடுங்கள். பழைய புடவை போடாதீர்கள், அதுவே வழுக்கும். நகத்தையும் பாதத்தின் இடுக்கில் வளரும் முடியையும் வெட்டுங்கள். நார்வேயில் நான்கு பெரிய இனங்களில் நடத்திய ஆய்வில், மூன்று மாதத்துக்குள் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்த நோய் அதிகம் வந்திருந்தது. வெளியில் மெத்தென்ற மண்ணில் தாமாக ஓடியாடியவற்றுக்குக் குறைவு. மாடி வீட்டுக்காரர்கள் அந்த மூன்று மாதம் குட்டியைத் தூக்கிக்கொண்டு போவதில் நஷ்டமில்லை.

வலிக்குப் பயந்து கட்டிப்போட்டால் தொடை வற்றும். மூட்டைப் பிடித்து நிறுத்த இருப்பது அந்தச் சதைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரையில் மூச்சிரைக்க ஓடவிட்டால் திங்கட்கிழமை எழாது. தினமும் இருவேளை, வெயிலுக்கு முன்னும் பின்னும், கயிற்றில் பிடித்து ஒரே அளவு நடை. நீச்சல் இன்னும் நல்லது. தோட்டத்துப் பம்ப்செட் தொட்டியில் சரிவுப் பலகை வைத்து இறக்கி, நீந்தவிட்டு, அதிலேயே ஏறிவரச் செய்கிறவர்கள் உண்டு. குதித்து இறங்காதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

நாய் வலிக்கிறதென்று கத்தாது. காரில் ஏறத் தயங்கும், படுக்கிற இடத்தை மாற்றும், இடுப்பில் கை வைத்தால் உறுமும். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நடக்கவிட்டு மொபைலில் வீடியோ எடுத்து வைத்தால், கண்ணுக்குத் தப்பியது அதில் பிடிபடும். கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்றவற்றை ரத்தத்தில் சிறுநீரகம், ஈரல் நிலையைப் பார்த்துக் கொடுக்கிறோம். வீட்டு அலமாரியில் இருக்கும் ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் கூடவே கூடாது. குடலில் புண்ணாகும், சிறுநீரகம் போகும். அறுவை சிகிச்சைகளும் உண்டு. இடுப்பெலும்பின் வளர்ச்சியைத் திருப்பும் சிறு அறுவை ஐந்து மாதத்துக்குள் செய்ய வேண்டியது. தொடைத் தலையை வெட்டி எடுப்பது எடை குறைந்த நாய்க்கு நன்றாகப் பலிக்கும். மாற்று மூட்டு செலவு அதிகம். எதைச் செய்தாலும் டப்பாக் கணக்கு மாறாது.

ஒரு வயதைத் தாண்டும்போது பல குட்டிகளுக்கு நொண்டல் தானாகக் குறையும். மூட்டு உறை தடித்து ஆட்டம் அடங்குவதால் வரும் இடைவேளை அது. குணமாகிவிட்டது என்று எல்லாவற்றையும் விட்டுவிடுகிற வீடுகளுக்கு, ஆறேழு வயதில் மூட்டுவாதம் வந்து கணக்குக் கேட்கும்.

நோய் பரம்பரையாக வருவதால், இந்த இடுப்புள்ள நாயை மேட்டிங்குக்கு விடக் கூடாது. "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்பதில் உண்மை இல்லை. அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய எலும்பியல் அறக்கட்டளை, இரண்டு வயது முடிந்த நாயின் படத்தைப் பார்த்துத்தான் இடுப்புக்குத் தரச் சான்று தருகிறது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக முறையில் 16 வாரக் குட்டியிடமே மூட்டின் தளர்ச்சியை அளந்துவிடலாம். நம் ஊரில் குட்டியோடு தருகிற வம்சாவளிச் சான்றிதழை மட்டும் நம்பாமல், தாய் தகப்பன் இரண்டின் இடுப்புப் படத்தையும் கேளுங்கள். இரண்டும் நன்றாக இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது, ஆனால் ஆபத்து குறையும். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள். போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. குட்டியின் முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் கேட்க வாய் வராது.