ஏழாம் பக்கத்து ஓரத்தில்

அலமாரியை ஒழிக்கும்போது எம்.எஸ்ஸி. முதலாண்டு நோட்டு கையில் வந்தது. சீரிசை அலையியற்றி. நீல மையில் ஏழு பக்கமும் ஒரே கணக்கு. வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு அடுக்குத் தொடரைத் தீர்வாக வைத்து, கெழுக்களுக்குள் உள்ள உறவைப் பிடித்து, தொடர் எங்காவது முறிந்தாக வேண்டும், இல்லையேல் அலைச்சார்பு தொலைவில் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும் என்று காட்டி, கடைசியில் ஹெர்மைட் பல்லுறுப்புக் கோவைகள். கூடவே ஆற்றலும்: படி எண்ணோடு அரையைக் கூட்டி, ஹெச்-பார் ஒமேகாவால் பெருக்கு.

அந்த அரை எங்கிருந்து வந்தது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. விடை வந்துவிட்ட நிம்மதியில் தூங்கிப்போனேன்.

1926-இல் ஷ்ரோடிங்கரும் ஹெர்மைட் வழியேதான் வந்தார். அதற்கு முந்தைய ஜூனில், மகரந்த ஒவ்வாமை தாங்காமல் ஹெல்கோலாந்து தீவுக்குப் போயிருந்தார் 23 வயது ஹைசன்பர்க். அலைச்சார்பு என்ற ஒன்றே இல்லாமல் அவருக்கும் இதே அரை கிடைத்தது. ஆனால் எனக்கு அந்தத் தீவைவிட எங்கள் வகுப்புக் கரும்பலகைதான் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் சார் நோட்டை மூடச் சொன்னார். இடத்தையும் உந்தத்தையும் கலந்து இரண்டு ஆபரேட்டர்கள் எழுதினார்: ஒன்று ஒரு படி இறக்கும், மற்றது ஏற்றும். வரிசை மாற்றிப் பெருக்கினால் வித்தியாசம் 1. ஆற்றல் சுழிக்குக் கீழே போக முடியாது; ஆகவே ஏதோ ஒரு படியில் இறக்குகிற ஆபரேட்டர் பட்டதும் சுழிதான் மிஞ்ச வேண்டும். அந்த வரியை எழுதிவிட்டுத் திரும்பினார்.

"என்னன்னு தெரியுதாப்பா? இதுவும் வகைக்கெழுச் சமன்பாடுதான். முதல் வரிசை."

இரண்டே வரியில் மணி வடிவக் காஸியன் வந்து நின்றது. நேற்று ராத்திரி நான் முட்டி மோதிக் கண்ட அதே அடிநிலை. அரையும் விளங்கிவிட்டது: ஆற்றலில் இரண்டு வரிசைப் பெருக்கமும் சரிபாதி கலந்திருக்கின்றன, அந்த 1-இன் பாதிதான் அது. சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிரவைத்தாலும் ஹீலியம் உறையாமல் திரவமாகவே கிடக்கிறதே, அதற்கும் அடிநிலையிலும் இந்த அரை மிஞ்சுவதால் அடங்காத அணுக்களின் அசைவுதான் காரணம். உறைய வைக்கச் சுமார் 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும்.

குறுக்குவழி தெரிந்த பிறகும் ஏழு பக்கத்தை நான் கிழிக்கவில்லை. அவற்றைப் போட்டிருக்காவிட்டால் அந்த ஒரு வரி என்னைத் தொட்டிருக்காது. ஏழாம் பக்கத்து ஓரத்தில் அதைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அழியவில்லை.

இயற்பியல் படிக்கிற பிள்ளைகளே, இரண்டு வழியையும் கையால் போட்டுப் பாருங்கள். முதலில் நீளமானதை.