உப்பு போடும் கை

திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காட்டைத் தாண்டும் வழியெல்லாம் உப்பளங்கள். வெயில் ஏற ஏறப் பாத்திகள் கண்ணைக் கூசவைக்கும். விடியுமுன் அளத்துக்குப் போனவர்கள் பத்து மணிக்குமேல் தலைத்துண்டோடு திரும்பி வருகிறார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பெண்ணும் தெருவுக்குள் நுழைகிறார். தோளில் தொங்கும் பையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரை அட்டைகள், ஓரம் மடங்கிய ஒரு பதிவேடு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இருந்து வந்த பெண்கள்தான் இதைத் தெருத்தெருவாகச் சுமக்கிறார்கள். ஒரு காலைப்பொழுது அவர் பின்னால் நடந்தேன். பேசியதெல்லாம் அவரும் தெருக்காரர்களும். நான் பார்த்ததோடு சரி.

முதல் வீட்டில் ஓர் ஆச்சி. இப்போதுதான் அளத்தில் இருந்து வந்திருக்கிறார். கணுக்காலுக்கு மேல்வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தன்னார்வலர் கருவியை வெளியே எடுக்கவே இல்லை.

"ஒண்ணுக்குப் போகணும்னா போய்ட்டு வந்துருங்க ஆச்சி. பெறவு நாற்காலில சாஞ்சு உக்காருங்க. கால ரெண்டையும் தரையில வைங்க. அஞ்சு நிமிசம் பேசக் கூடாது."

ஆச்சிக்கு அதுதான் சிரமமாக இருந்தது. வாயைத் திறப்பதும், தன்னார்வலர் கண்ணால் அதட்டுவதும், மூடிக்கொள்வதுமாக அந்த ஐந்து நிமிடம் போனது. இந்தக் காத்திருப்பை நான் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே அதிகம் பார்த்ததில்லை. நடந்து வந்த மூச்சு அடங்குமுன் பட்டையைச் சுற்றி, டாக்டர் பேசப் பேச அளந்து எழுதிவிடுவார்கள். பேசினால் அழுத்தம் கூடும். மூத்திரம் முட்டினால் கூடும். கை தொங்கினால் கூடும். பீடி, காப்பி உள்ளே போய் அரைமணி ஆகாவிட்டாலும் கூடும். சட்டைக் கையை மேலே ஏற்றி, முழங்கையை இதயத்தின் உயரத்துக்கு ஒரு தலையணைமேல் வைத்து இவர் பட்டையைச் சுற்றிய விதத்தில் நல்ல பயிற்சி தெரிந்தது.

168க்கு 96. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார். 164க்கு 94. இரண்டையும் எழுதிக்கொண்டார். 140க்கு 90 என்ற எல்லையைத் தாண்டினாலே உயர் ரத்த அழுத்தம். ஆச்சி அதையும் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறார். ஆனால் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. இந்த நோயின் கெடுதலே அதுதான். வலிக்காது, காய்ச்சல் வராது. பக்கவாதம் வந்து வாய் கோணிய பிறகுதான் பலருக்கும் தனக்கு பிரஷர் இருந்தது என்பதே தெரிகிறது.

தன்னார்வலர் மாத்திரை அட்டையைக் கேட்டார். சாமி படத்துக்குப் பின்னால் இருந்து வந்தது. அம்லோடிபின். எண்ணிப் பார்த்தால் போன மாதம் கொடுத்ததில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.

"தல சுத்தல, மயக்கம் இல்ல. பெறவு எதுக்குத் தாயி மாத்திர?"

"சுத்தாம இருக்கத்தான் ஆச்சி."

அதற்கு மேல் அவர் ஆச்சியோடு வாதாடவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனார். அங்கே மருமகள் குழம்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் இருந்தபடியே பார்த்தேன். உண்மையான வைத்தியம் அங்கேதான் நடந்தது.

அடுப்புக்குப் பக்கத்தில் பழைய உப்பு மரவை ஒன்று. உப்பு தின்று தின்று அதன் விளிம்பு வெளுத்துப்போயிருக்கிறது. மருமகள் பார்க்காமலே அதில் கையை விட்டு ஐந்து விரலும் குவித்து ஓர் அள்ளு எடுத்தாள். சட்டிக்குப் போகுமுன் தன்னார்வலர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை இந்தக் கிண்ணத்துல போடு."

பையில் இருந்து ஒரு சின்ன ஸ்பூன் வந்தது. தலைதட்டி அளந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. மீதி கொஞ்சம் கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டது. தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு ஏறக்குறைய 5 கிராம். ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாள் முழுவதற்கும் அதற்கு உட்பட்டே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருமகள் மனக்கணக்குப் போட்டாள். குழம்புக்கு மூன்று, சோறு வேகும்போது ஒன்றரை, பொரியலுக்கு ஒன்று, காலை இட்லிக்கு ஆட்டிய மாவிலும் சட்னியிலும் இரண்டு, மோருக்கு அரை. எட்டு ஸ்பூன். சாப்பிடுகிறவர்கள் ஐந்து பேர். ஐந்து ஸ்பூனோடு முடிய வேண்டியது. இதில் ஊறுகாய் சேரவில்லை. கருவாடும் அப்பளமும் மோர்மிளகாயும் சேரவில்லை. அப்பளத்தில் போடும் அப்பளக்காரத்திலும், வடைக்கும் ஆப்பத்துக்கும் போடும் சோடாவிலும் இருப்பது சோடியம்தான் என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

"நான் என்ன செய்ய? கொறச்சுப் போட்டா அத்த தட்டத் தள்ளி வச்சிருதாவ" என்றாள் மருமகள்.

வெளியில் இருந்து ஆச்சியின் குரல்: "உப்பில்லாம என்னத்தத் திங்க?"

அந்த வீட்டின் மொத்தக் கதையும் இதற்குள் இருக்கிறது. மருமகள் வந்த புதிதில் அவள் கை இப்படி அள்ளியிருக்காது. உப்பு பத்தல, பத்தல என்று மாமியாரின் நாக்கு சொல்லிச் சொல்லி இந்தக் கையைப் பழக்கியிருக்கிறது. வயது ஏற ஏற நாக்கின் ருசி மங்கும். அப்போது இன்னும் கொஞ்சம் கேட்கும். இன்று அந்த நாக்குக்கு உரியவர்தான் நோயாளி. ஆனால் அதே சட்டியில் இருந்துதான் மகனும் பேரப்பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். அவர்களுடைய நாக்கும் இப்போது பழகிக்கொண்டிருக்கிறது.

மேலை நாடுகளில் உப்பு பெரும்பாலும் ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி என்று கடையில் இருந்தே வருகிறது. அங்கே அரசாங்கம் ஆலைகளோடு பேசிக் குறைக்கலாம். நம் வீடுகளில் அதிகமும் சமைக்கிறவர் கையில் இருந்து விழுகிறது. ஆகவே "பிரஷர் இருக்கு, உப்பைக் குறைச்சுக்கோங்க" என்று நோயாளியிடம் மட்டும் சொல்லி அனுப்புவதால் ஒன்றும் நடக்காது. இலையில் வந்துவிட்ட குழம்பில் இருந்து அவர் எப்படிக் குறைப்பார்? அவருக்கு மட்டும் தனிச் சட்டி வைத்தால் சமைக்கிற பெண்ணுக்கு வேலை இரட்டிக்கும், சாப்பிடுகிறவருக்கு ஒதுக்கிவைத்தாற்போல் இருக்கும். ஒரு வாரத்தில் தனிச் சட்டி அடுப்பை விட்டு இறங்கிவிடும். வீட்டுச் சட்டி மொத்தமும் இறங்க வேண்டும்.

தன்னார்வலர் சொன்னதும் அதுதான். சோற்றுக்கு உப்பு வேண்டாம். மோருக்கு வேண்டாம். குழம்புக்கு மூன்றில் இருந்து இரண்டரை, ஒரு வாரம் கழித்து இரண்டு. கொதிக்கும்போதே போட்டுவிடாமல் இறக்கும்போது போட்டால் குறைவான உப்பும் நாக்கில் தெரியும். புளியும் மிளகும் எலுமிச்சையும் கொத்தமல்லியும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். கருவாடு மாதத்தில் என்றைக்காவது ஒருநாள். அதையும் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டு.

"மூணு மாசம் பொறு. பெறவு பழைய கொழம்ப வாயில வச்சா ஒனக்கே கரிக்கும்."

இது வெறும் ஆறுதல் இல்லை. நாக்கு அப்படித்தான் இறங்கி வருகிறது. இரண்டு மூன்று மாதம் பொறுக்கிறவர்களுக்கு அது தானாக நடக்கும்.

மருமகள் ஒரு கேள்வி கேட்டாள். அளத்தில் வேர்வையாக ஓடுகிறதே, உப்பு சேர்க்க வேண்டாமா? இந்தத் தெருவில் எல்லார் வாயிலும் இருக்கும் கேள்வி. "சோறு, கொழம்புல வாரதே அதுக்குப் போதும். தண்ணி குடிக்கதத்தான் விடக் கூடாது. மயக்கமோ கால் பெரட்டலோ வந்தா டாக்டர்ட்ட வாங்க" என்றார். பக்கத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் உப்பளங்களில் இருக்கிறார்கள். அது தனியே எழுத வேண்டிய அநியாயம்.

தெருமுனை டீக்கடையில் ஓர் அண்ணாச்சி கையில் பீடியோடு நின்றார். தன்னார்வலர் அளக்க மறுத்துவிட்டார். அரைமணி கழித்து வருவதாகச் சொல்லி வேறு இரண்டு வீடு பார்த்துவிட்டுச் சொன்னபடி திரும்பி வந்தார். 158க்கு 98.

"எனக்குச் சரியாயிட்டுன்னு மாத்திரைய நிறுத்திட்டேன் தங்கச்சி. போன தடவ 130தானே இருந்துச்சு?"

"மாத்திர போட்டதுனாலதானே அண்ணாச்சி 130 இருந்துச்சு."

அவர் விடவில்லை. இப்போது இந்துப்புக்கு மாறிவிட்டாராம், அது ஒன்றும் செய்யாதாம். நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறோம். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். கல்லுப்பும் அதுதான். அதோடு இந்துப்பில் பெரும்பாலும் அயோடினும் கிடையாது.

"ஒழைக்கிற ஒடம்புக்கு பிரஷர் வராது" என்றும் ஒருவர் சொன்னார். இந்தத் தெருவைவிட அதிகம் உழைக்கிற தெரு எங்கே இருக்கிறது? விடிகாலையில் எழுந்து, தலையில் கூடையோடு வரப்பில் நடக்கிற பெண்களின் பெயர்கள் பதிவேட்டில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. உழைப்பு நல்லதுதான். உட்கார்ந்தே இருப்பவர்கள் நாளுக்கு அரைமணி நேரம் வேகமாக நடந்தாலே அழுத்தம் இறங்கும். ஆனால் தூக்கம் நாலைந்து மணி நேரம், சாயங்காலம் சாராயம், நாளெல்லாம் பீடி, மூன்று வேளையும் கை நிறைய உப்பு என்றிருந்தால் எந்த உழைப்பும் அதை ஈடுகட்டாது. சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. ரத்தத்தின் அளவு கூடுகிறது. அதைத் தாங்கித் தாங்கி ரத்தக் குழாய் இறுகிப்போகிறது. உழைக்கிறவர், உழைக்காதவர் என்று அது பார்ப்பதில்லை.

2020இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். மீதிப் பேர் எல்லோரும் மாத்திரை கிடைக்காதவர்கள் அல்ல. சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பவர்களும் அதில் உண்டு.

சட்டியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு சீனத்தில் ஒரு சான்று இருக்கிறது. வடக்குப் பகுதியின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேர். பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது கடந்து ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள். பாதி ஊர்களுக்கு வழக்கமான உப்புக்குப் பதில் கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் போல் கவனித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஊர்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அடுக்களை உப்பை மாற்றியதோடு சரி. நம் ஊருக்கும் இது புதிதில்லை. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு எடுக்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2014இல் கொண்டுவந்த அம்மா உப்பில் சோடியம் குறைந்த உப்பும் ஒரு வகை. இது ஊரறிய விற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு ரேஷன் கடையிலும் இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக் கூடாது.

திரும்பும் வழியில் ஆச்சி வீட்டில் தன்னார்வலர் ஒரு நிமிடம் நின்றார். "பாக்கெட் உப்பு எத்தன நாள் வருது?" என்று மருமகளிடம் கேட்டார். மீன் கழுவ அளத்துக் கல்லுப்பு தனியாக இருக்கிறது. சமையலுக்கு மட்டும்தான் பாக்கெட்.

"ஒரு கிலோ மாசத்துக்குப் பத்தாதுக்கா. இருவத்தஞ்சு நாள்ல தீந்துரும்."

"நாப்பது நாள் வரணும்."

கணக்கு சரிதான். ஐந்து பேர், ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 25 கிராம். 1,000 கிராம் 40 நாள் வர வேண்டும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் 50 நாள். கடைப் பலகாரமும் கருவாடும் ஊறுகாயும் நுழைகிற வீட்டில் அதற்கும் மேலே வர வேண்டும்.

உங்கள் வீட்டில் அடுத்த உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேல் தேதியை எழுதிவையுங்கள். தீரும் அன்று நாளை எண்ணிப் பாருங்கள். சமைக்கிறவரை மட்டும் கேள்வி கேட்காமல், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து "உப்பு பத்தல" என்று சொல்வது யார் என்றும் பாருங்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கிடையாது.