நாலாவது எலுமிச்சம்பழம்

மயிலாடுதுறை. காலை மணி 5:30. வாசலில் வெள்ளை கார். வாங்கிப் பதினோரு நாள் ஆகிறது. முன்கண்ணாடியில் சந்தனப் பொட்டு மூன்று. இருக்கைகளில் கம்பெனி போட்டு அனுப்பிய பாலித்தீன் உறை அப்படியே இருக்கிறது.

அப்பாயி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுகிறாள். வண்டி நகர்கிறது. மூன்று பழம் நசுங்குகிறது. நாலாவது, சக்கரம் ஏறுமுன் உருண்டு சாக்கடை ஓரம் போய் நிற்கிறது.

குழந்தை அதை எடுத்துக் கவுன் பைக்குள் போட்டுக்கொள்கிறது. குழந்தைக்கு வயது ஆறு.

"சீட்டுல கால் வைக்கக் கூடாது." அப்பாவின் முதல் பேச்சு.

தரங்கம்பாடி. 1792இல் கட்டிய நகர வாயில். வெள்ளை அடித்த சுவர். வண்டி உரசிவிடாமல் இருக்க அம்மா இறங்கி முன்னால் நடக்கிறாள். வாயில் ஒரு லாரி போகும் அகலம்.

கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது.

"டேனிஷ்காரங்க 1620ல கட்டுனது, பாப்பா."

"எதுக்கு?"

"மிளகு வியாபாரம் பண்ண."

"கடையா?"

"ம். அப்புறம் 1845ல இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டான்."

"கடையவா?"

"ஊரையே."

மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் அலை கருங்கல் குவியலில் மோதித் தெறிக்கிறது. குழந்தை ஒரு செருப்பைக் கழற்றுகிறது. "விடியக்காலம் ஈரத்துல கால் வைச்சா சளி புடிக்கும்," என்கிறாள் அம்மா. செருப்பு காலுக்குத் திரும்புகிறது.

சாலை தெற்கே போகிறது. பேர் கிழக்குக் கடற்கரைச் சாலை. அப்பாவின் போனில் இடப்பக்கம் முழுக்க நீலம். இடப்பக்க ஜன்னலில் சீமைக்கருவை. கருவை முடிந்தால் மதில். மதில் முடிந்தால் கல்யாண மண்டபம். மறுபடி கருவை.

"கடல் எங்க?"

"இந்தா வந்துரும்."

காரைக்கால். ஊர் புதுச்சேரிக் கணக்கு. பெட்ரோல் விலை குறைவு. டேங்க்கில் பாதிக்கு மேல் இருக்கிறது. அப்பா ஃபுல் போடுகிறார். எதிரே இன்னும் திறக்காத கடை வாசலில் மூன்று பேர் கைகட்டி நிற்கிறார்கள். கோயிலில் நடை திறக்கக் காத்திருப்பவர்களின் பொறுமை.

அரசலாறு. பாலத்தில் வண்டி ஏறும்போது தூரத்தில் ஒரு கீற்று வெளிச்சம். குழந்தை எம்பிப் பார்ப்பதற்குள் பாலம் முடிகிறது.

நாகூர். ஐந்து மினாராக்கள். உயரமானது 131 அடி. தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. அப்பாயி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். வேண்டுதல் அவளுடையது. என்னவென்று சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் குழந்தையின் தலையை மயிலிறகால் வருடுகிறார். அப்பாயி கார் சாவியையும் நீட்டுகிறாள். சாவிக்கும் ஒரு வருடல்.

முற்றத்தில் புறாக்கள். குழந்தை எண்ணுகிறது. பதினேழில் எல்லாம் பறக்கின்றன. மறுபடி ஒன்றிலிருந்து.

நாகப்பட்டினம் தாண்டி ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஒரே அளவு ஜன்னல். ஒரே அளவு வாசல். சிலதில் முன்பக்கம் கீற்று இறக்கியிருக்கிறார்கள்.

"இதெல்லாம் சுனாமி வீடு," என்கிறாள் அம்மா.

"சுனாமியோட வீடா?"

வண்டியில் யாரும் பேசவில்லை. அப்பாயி கண்ணாடியை இறக்குகிறாள். கருவாட்டு வாடை வருகிறது. அப்பா ஏற்றுகிறார். அப்பாயி இறக்குகிறாள்.

வேளாங்கண்ணி. வெள்ளைக் கோபுரங்கள். மணல் பாதையில் ஒரு பெண் முட்டிபோட்டு நகர்கிறாள். புருஷன் பக்கத்தில் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். கடற்கரைக்குப் போகும் வழி முழுக்கக் கடை. மெழுகுவத்தி, பாசிமணி, பொரித்த மீன்.

அலை பெரிதாக வருகிறது. குழந்தை இரண்டு செருப்பையும் கழற்றுகிறது.

"இங்க இழுப்பு ஜாஸ்தி," என்கிறார் அப்பா.

"மாத்துத்துணி டிக்கியில அடியில கெடக்கு," என்கிறாள் அம்மா.

"வண்டி பூரா மண்ணாயிரும்," என்கிறார் மறுபடி அப்பா. இது மெதுவாக.

குழந்தைக்கு ஒரு பாசிமணி கிடைக்கிறது. பத்து ரூபாய்.

திருப்பூண்டிக்கு அப்பால் இறால் பண்ணைகள். குட்டைகளில் சக்கரம் சுற்றித் தண்ணீரை வாரி இறைக்கிறது. குழந்தை முகத்தைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு பார்க்கிறது. இன்று அது வாய் திறந்து சிரிப்பது முதல் தடவை. அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை.

செம்போடை. குழந்தை வாயைப் பொத்துகிறது. அம்மா கவரைத் தேடுகிறாள். அப்பா பிரேக்கை மிதிக்கிறார். குழந்தை பைக்குள் கைவிட்டுப் பழத்தை எடுத்து முகர்கிறது. ஒன்றும் வரவில்லை.

"எலுமிச்சம்பழம் ஏதுடி?"

பதில் இல்லை. அப்பாயி பழத்தைப் பார்க்கிறாள். விரலை மடக்குகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. வெளியே திரும்பிக்கொள்கிறாள்.

வேதாரண்யம். கோயிலைச் சுற்றிக்கொண்டு சாலை அகஸ்தியம்பள்ளிக்குப் போகிறது. உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண். அப்பா வண்டியை நிழலில் போடுகிறார். நிழல் வண்டிக்கு. மற்றவர்கள் வெயிலில் நிற்கிறார்கள்.

"1930ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்தே இங்க வந்தாரு. உப்பு எடுக்க."

"கார் இல்லியா?"

பாத்திகளில் உப்பு வாருகிறார்கள். நீளக் கம்பு, முனையில் பலகை. வரப்பில் வெள்ளைக் குவியல். கண் கூசுகிறது. ஒரு அம்மாள் கொஞ்சம் அள்ளிக் குழந்தையின் கையில் கொட்டுகிறாள். குழந்தை நக்கிப் பார்த்துத் துப்புகிறது. மறுபடி நக்குகிறது.

கோடியக்கரை. காடு. புல்வெளியில் வெளிமான்கள் தலை தூக்கிப் பார்க்கின்றன. குரங்கு ஒன்று பானட்டில் ஏறி உட்கார்கிறது. அப்பா இறங்கி ஓடுகிறார். குரங்கு பக்கக் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துவிட்டு, நிதானமாக இறங்குகிறது.

காடு முடிகிறது. படகுகள், வலைக் குவியல்கள். அதற்கப்பால், மறைக்க ஒன்றுமில்லாமல் கடல். சின்ன அலை.

யாரும் எதுவும் சொல்வதற்குள் அப்பாயி புடவையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கிறாள். அவள் கையில் குழந்தையின் கை. செருப்புகள் மணலில் கிடக்கின்றன. நான்கும் நான்கு திசையில்.

குழந்தை எலுமிச்சம்பழத்தை எறிகிறது. அலை கொண்டுவந்து காலடியில் போடுகிறது. எறிகிறது. கொண்டுவருகிறது. ஏழெட்டுத் தடவை நடக்கிறது. பிறகு பழம் மிதந்து விலகுகிறது. குழந்தை அழவில்லை. திரும்பி அப்பாவைப் பார்க்கிறது.

அப்பா சாவியை அம்மாவிடம் எறிகிறார். போன், பர்ஸ். பேன்ட்டைச் சுருட்ட நேரமில்லை. முழங்கால். இடுப்பு. பழம் கைக்கு அகப்படுகிறது.

மணி 5:30. வண்டியின் கதவு திறந்திருக்கிறது. அப்பா வெளியே நிற்கிறார். பேன்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. காலில் முட்டி வரை மணல். இருக்கையைப் பார்க்கிறார்.

"அதான் ஒறை போட்டிருக்குல்ல. உக்காரு தம்பி," என்கிறாள் அப்பாயி.

உட்கார்கிறார். பாலித்தீன் கிறீச்சிடுகிறது.

அப்பாயி குழந்தையிடம் கையை நீட்டுகிறாள். பார்வை முன்சக்கரத்தில் இருக்கிறது. குழந்தை பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கை சிறிது நேரம் நீட்டியபடி இருக்கிறது. பிறகு மடிக்குத் திரும்புகிறது.

வண்டி மூன்று பழத்தோடேயே ஊருக்குக் கிளம்புகிறது.