ஏழாவது வரிசையில் நின்ற சுவர்

வேடசந்தூரைத் தாண்டி கரூர் சாலையில் உள்ளே பிரியும் மண்பாதையில் இன்னும் பூச்சு காணாத ஒரு வீடு இருக்கிறது. அதன் பக்கவாட்டுச் சுவரில் கீழே ஏழு வரிசைச் செங்கல் கருத்து, ஓரம் மழுங்கிக் கிடக்கிறது. எட்டாவது வரிசையிலிருந்து நிறமே வேறு. அதைக் கட்டிய கொத்தனார், 2020 கொரோனா ஊரடங்கில் வேலை நின்ற அந்த ஏழாவது வரிசையில் உள்ளங்கையைப் பதித்துக் காட்டினார்.

"இதோட நின்னுச்சு தம்பி. மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணியிலருந்து 144னு சொல்லிட்டாங்க. கரண்டியக் கழுவி வச்சுட்டுக் கெளம்புனோம். ரெண்டு வாரத்துல வந்துரலாம்னு நெனச்சோம்."

எட்டாவது வரிசை ஏற அடுத்த தை பிறந்துவிட்டது. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளி. அங்கே சம்பளம் நின்றதும் இங்கே சுவர் நின்றது. திரும்பி வந்த கொத்தனார் எடுத்த எடுப்பில் கல் வைக்கவில்லை. மேல் வரிசையைக் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்து, ஆடிய கற்களைப் பெயர்த்தார். காய்ந்த கலவையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, சிமெண்ட் பால் தெளித்த பிறகே புதுக் கலவை போட்டார். பழைய கலவை புதியதைச் சீக்கிரம் பிடிக்காது. அந்த ஒரு நாள் வேலைக்குக் கூலி கேட்க அவருக்கு மனசு வரவில்லை.

சுவராவது காத்திருக்கும், தளம் காத்திருக்காது. ஊரடங்குக்கு முதல் நாள் கான்கிரீட் போட்ட வீடுகளில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த ஆள் வர முடியவில்லை. பல இடங்களில் வீட்டுக்காரர்களே குடத்தில் சுமந்து ஊற்றினார்கள். கீழே முட்டுக் கொடுத்திருந்த சென்ட்ரிங் சாமானுக்கு வாடகை நாள்தோறும் ஏறியது. தூணுக்கு நிறுத்திய கம்பி துருவேறியது. குடோனில் இருந்த சிமெண்ட் கட்டி தட்டிப்போனது.

மே மாதம் கட்டுமான வேலைக்கு அனுமதி வந்தது, பல இடங்களில் வேலையிடத்திலேயே தொழிலாளர் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. காலையில் பஸ் ஏறி வந்து மாலையில் வீடு திரும்பும் திண்டுக்கல் ஆட்களுக்கு அதனால் என்ன பயன்? ஜூனில் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்தபோது கரூர் ஒரு மண்டலத்திலும் திண்டுக்கல் வேறொன்றிலும் போய்விட்டன. எல்லைக்கு அந்தப் பக்கம் அரவக்குறிச்சியில் வேலை வைத்திருந்தவருக்கு இ-பாஸ் வேண்டும். ஆகஸ்ட் கடைசி வரை அந்தத் தொல்லை.

2021இல் இரண்டாம் அலை விலைவாசியையும் கூட்டி வந்தது. சிமெண்ட் மூட்டை 500 ரூபாயை நெருங்கியது, கம்பியும் ஏறியது. இந்த மாவட்டத்துக் கரிக்காலியிலேயே சிமெண்ட் ஆலை இருந்தும் நமக்கு விலை குறையவில்லை. விலையைக் கட்டுப்படுத்த அந்த நவம்பரில் தமிழக அரசு 'வலிமை' சிமெண்டைக் கொண்டுவந்தது. அதற்குள், சதுர அடிக்கு இவ்வளவு என்று முன்பே பேசிக் கையெழுத்துப் போட்ட சின்ன மேஸ்திரிகள் பலர் மனைவியின் நகையை அடகு வைத்து வேலையை முடித்துக் கொடுத்திருந்தார்கள்.

திண்டுக்கல் ஆர்.எம். காலனியில் ஒரு மாடி வேலையில் பார்த்த சித்தாள் அக்கா சொன்னதுதான் என்னை விடவில்லை. சும்மாட்டின் மேல் கலவைச் சட்டியோடு மூங்கில் சாரத்தில் ஏறி இறங்கிக்கொண்டே பேசினார். வேலை நின்றபோது நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார். 2020-21இல் அதன் கூலி உச்ச அளவாக 256 ரூபாய். குழுக்கடன் தவணை வாரா வாரம் வாசலுக்கு வந்தது. தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்த செய்தியே அவருக்கு எட்டவில்லை.

"நல வாரியத்துல பணம் வரலையா அக்கா?"

"அட்டை இருந்துச்சு தம்பி. புதுப்பிக்காம விட்டுட்டேன். ஒரு நாள் வேலையக் கெடுத்து யாரு போறது? எங்கூட வந்தவளுக்கு ஆயிரம் ஆயிரமா ரெண்டு தடவை வந்துச்சு. அரிசியும் குடுத்தாங்க."

ஒரே சாரத்தில், ஒரே சட்டி சுமந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்குக் கிடைத்தது, ஒருத்திக்குக் கிடைக்கவில்லை. பணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994இல் தொடங்கியது. கட்டட மதிப்பில் 1 சதவீதம் இவர்களுக்காகவே வசூலாகிறது. ஊரடங்கு அறிவித்த அதே 2020 மார்ச் 24 அன்று, நாடு முழுக்க வாரியங்களிடம் சுமார் 52,000 கோடி ரூபாய் இருப்பதாகவும் அதைத் தொழிலாளர் கணக்கில் நேரடியாகப் போடும்படியும் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. உயிரோடிருந்த அட்டைக்குத்தான் அந்த உதவி போய்ச் சேர்ந்தது. சித்தாள்கள் மேஸ்திரி மாற மாற இடம் மாறுகிறவர்கள். இவர் என் ஆள் என்று சான்று தர ஒருவரும் நிலையாக இல்லை. பதிவு இணையவழிக்கு மாறியபின் கம்ப்யூட்டர் சென்டர் அலைச்சலும் சேர்ந்துகொண்டது. அட்டை காலாவதியானதை அவர்களின் அசட்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களைத் தேடிப் போய்ப் பதிவதும் புதுப்பிப்பதும் வாரியத்தின் கடமை.

வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளான் அப்ரூவலுக்குப் போகும்போது தொழிலாளர் நல நிதி என்று ஒரு தொகை கட்டுகிறீர்கள். அது உங்கள் வீட்டில் கல் சுமப்பவரின் பணம். கடைக்கால் தோண்டும் வாரத்திலேயே கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் எல்லாரிடமும் வாரிய அட்டை இருக்கிறதா, தேதி முடியவில்லையா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் கூலியைக் கொடுத்து, பதிந்துவிட்டு வரச் சொல்லி அனுப்புங்கள்.